பாட்டுல இல்லாத திருடன்

கிடார் கையில் எடுத்த எந்தப் பயலும் முதல் வாரத்திலேயே வாசிக்கிற ஐட்டம் ஒன்று உண்டு. டீப் பர்ப்பிள் குழுவோட 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. ஆரம்பத்துல வர்ற அந்தத் துண்டுக்கு மொத்தமே நாலு சுரம்தான். ஒரே கம்பியில் கூட ஒப்பேத்திடலாம். திருச்சியில் நான் படிச்ச காலேஜ் ஹாஸ்டல்ல தினமும் ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தன் இதை ஆரம்பிப்பான். பத்தேகாலுக்கு வார்டன் வந்துடுவார். நாலு வருஷமும் இந்த ஜுகல்பந்தி தவறாம நடந்தது :-)

வாசிச்சவனுக்கும் தெரியாது, விரட்டின வார்டனுக்கும் தெரியாது. அந்தப் பாட்டே ஊர் விட்டு ஊர் கச்சேரி பண்ணப் போன இடத்துல நடந்த ஒரு விபத்தால் பிறந்ததுதான். இந்தக் கதை தெரிஞ்சவங்க அடுத்த மூணு பத்தியைத் தாண்டிப் போயிடலாம்.

1971 டிசம்பர். புது ஆல்பம் பதிவு பண்ண டீப் பர்ப்பிள் ஆட்கள் ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கிற மான்ட்ரூவுக்கு வர்றாங்க. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஸ்டுடியோ ஒன்று, லாரி மேல கட்டினது, அதை வாடகைக்கு எடுத்தாச்சு. ஊர் கேசினோ அரங்கத்துலதான் பதிவு. ஆனா டிசம்பர் 4-ம் தேதி அங்க ஃப்ராங்க் ஸாப்பா கச்சேரி பாக்கி இருந்தது. அது முடிஞ்சதும் இடம் இவங்களுக்கு. அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்னு இவங்களும் போய்க் கூட்டத்தோட கூட்டமா உட்கார்ந்தாங்க. கச்சேரி நடந்துக்கிட்டு இருக்கும்போதே கூட்டத்துல எவனோ ஒரு புண்ணியவான் சிக்னல் துப்பாக்கியை மேலே பார்த்துச் சுட்டான். பிரம்பு வேய்ந்த கூரை. கேக்கணுமா? மொத்த கேசினோவும் எரிஞ்சு போச்சு. ஸாப்பா குழுவோட வாத்தியங்களும் அதோட போச்சு. நல்ல வேளை, ஒரு உயிர்கூடப் போகலை. மான்ட்ரூ ஜாஸ் விழாவை நடத்தின க்ளோட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடிச் சில பேரை வெளியே இழுத்துட்டு வந்தார்.

டீப் பர்ப்பிள் ஆட்கள் ஹோட்டல்ல நின்னு பார்த்தா, ஏரித் தண்ணி மேல புகை படர்ந்து கிடக்கு. சில நாள் கழிச்சுத் தூக்கத்துலேர்ந்து எழுந்த பாஸ் கிடார்காரர் ரோஜர் க்ளோவர் வாயில் அந்தத் தலைப்பு வந்தது. பதிவு பண்ண இடம் இல்லாம ஊர்ல பெவிலியன்னு இன்னொரு அரங்கத்தைப் பிடிச்சாங்க. ராத்திரி வாசிச்ச சத்தத்துல அக்கம்பக்கம் முழிச்சுக்கிட்டு போலீஸைக் கூப்பிட்டுடுச்சு. (பாருங்க, எல்லா ஊர்லயும் ஒரு வார்டன் இருக்கார்.) போலீஸ் கதவைத் தட்டுறதுக்குள்ள அங்க ஒப்பேறினது இந்த ஒரு பாட்டோட வாத்தியப் பகுதி மட்டும்தான். கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல்ல, நடைபாதையில் மெத்தையெல்லாம் அடுக்கி, மீதி ஆல்பத்தை முடிச்சாங்க. 1972 மார்ச்சில் 'மெஷின் ஹெட்' வெளிவந்தது. குழு நம்பினது 'நெவர் பிஃபோர்' பாட்டைத்தான். 1973-ல் அமெரிக்கப் பட்டியல்ல நாலாவது இடம் வரைக்கும் ஏறினது புகைப் பாட்டு.

இப்போ அந்தப் பாட்டோட வரிகளைக் கவனிச்சா ஒரு விஷயம் பிடிபடும். அது கவிதையே இல்லை, அசல் லாக் ஃபைல். ஊர் பேர் இருக்கு, ஏரி இருக்கு, ஸாப்பா பேர் இருக்கு, க்ளோட் நோப்ஸ் ஒரு பட்டப்பேரோட வர்றார், வாடகை லாரி வருது, கிராண்ட் ஹோட்டலும் வருது. என்ன நடந்தது, எங்க நடந்தது, அப்புறம் எங்க போனோம், எல்லாம் வரிசைப்படி. பொட்டி தட்டுறவனுக்கு இதைவிடச் சுகமான பாட்டு கிடையாது. பக் ரிப்போர்ட் எழுதச் சொன்னா நாங்களும் இப்படித்தான் எழுதுவோம்.

சரி, மேட்டருக்கு வர்றேன். இப்படி ஒரு பாட்டு நம்ம ஊர்ல இருக்கான்னு யோசிச்சா ரொம்ப தூரம் போக வேண்டாம். எங்க வீட்டு வாசலுக்கே வரலாம். ஸ்ரீரங்கம்.

தியாகராஜ சுவாமிகள் (1767–1847) என்றாலே திருவையாறும் ஜனவரி ஆராதனையும்தான் நினைவுக்கு வரும். ஆனா அவர் கடைசிக் காலத்துல ஒரு சுற்றுப்பயணமே போயிருக்கார். காஞ்சிபுரம், திருப்பதி, சென்னைப் பக்கம் கோவூர், திருவொற்றியூர், இந்தப் பக்கம் லால்குடி, ஸ்ரீரங்கம்னு. தென்னிந்தியாவில் முதல் ரயில் ராயபுரத்திலேர்ந்து வாலாஜாவுக்கு ஓடினதே 1856-ல்தான். அவர் காலமாகி ஒன்பது வருஷம் கழிச்சு. அப்போ இந்தப் பயணம் முழுக்க நடையும் பல்லக்கும்தான். போன ஊர்களில் அஞ்சஞ்சு பாட்டாப் பாடினது இன்னைக்கும் ஊர் பேரோட பஞ்சரத்னமாப் புழங்குது. கோவூருக்கு அஞ்சு, திருவொற்றியூருக்கு அஞ்சு, லால்குடிக்கு அஞ்சு, ஸ்ரீரங்கத்துக்கு அஞ்சு. டூர் ஆல்பம்னு வெச்சுக்கோங்களேன். பெரியவங்க திட்டாதீங்க, பாசத்துலதான் சொல்றேன்.

ஸ்ரீரங்கம் கதை இது. எங்க தெருவுல நடக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். நம்பெருமாள் குதிரை வாகனத்துல வீதி உலா வர்றார். கூட்டமான கூட்டம். தியாகராஜர் கிட்ட போய்ச் சேவிக்கப் பார்க்கிறார், முடியலை. ஸ்ரீபாதம் தாங்கிகள், அதாவது வாகனத்தைத் தோளில் சுமக்கிறவங்க, இந்த வயசானவரைத் தள்ளிட்டுப் போறாங்க. அவர் ஒதுங்கிடறார். கொஞ்ச தூரம் போனதும் வாகனம் நின்னுடுது. தோளில் இருக்கிறவங்களால ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியலை. ஏதோ அபசாரம்னு பயந்து தேவதாசிகளை ஆடச் சொல்லிப் பார்க்கிறாங்க. நகரலை. அப்புறம் யாருக்கோ பொறி தட்டி, தள்ளிவிட்ட பெரியவரைத் தேடிக் கூட்டிட்டு வர்றாங்க. அவர் தேவகாந்தாரியில் 'வினராதா நா மனவி' பாடறார். வாகனம் நகருது. அதுக்கப்புறம் சன்னிதிக்கே அழைச்சுட்டுப் போய் மரியாதை பண்ண, அங்க காம்போதியில் 'ஓ ரங்கசாயி'. சொல்றவங்களுக்குத் தகுந்த மாதிரி விவரம் கொஞ்சம் மாறும், எலும்புக்கூடு இதான்.

சித்திரைத் தேர் அன்னைக்கு எங்க ஊருக்கு வந்திருக்கீங்களா? சுத்துப்பட்டு கிராமம் மொத்தமும் சித்திர வீதியில்தான் இருக்கும். ஆளோட ஆள் ஒட்டி நிக்கிறதுல நம்ம காலை நாம நகர்த்த வேண்டியதே இல்லை, கூட்டமே நகர்த்தும். கிட்ட போய்ச் சேவிக்க முடியாம ஒரு வயசானவர் தள்ளப்படறது அங்க வருஷா வருஷம் நடக்கிற காரியம். அதனாலயே இந்தக் கதையில் அந்தப் பாதி எனக்குக் கண்ணு முன்னாடி நடக்கிற மாதிரி இருக்கும். ஒரே வித்தியாசம், இப்போ 236 அடி நிக்கிற ராஜகோபுரம் அப்போ மொட்டைக் கோபுரம். 1987-ல்தான் முடிஞ்சுது.

இப்போ பாட்டுக்குள்ள போவோம். 'வினராதா' ஒரு விண்ணப்பம். என் கோரிக்கையைக் கேக்கக் கூடாதான்னு ஒரு மன்றாடல். யார் தள்ளினா, எங்க தள்ளினா, வாகனம் எப்படி நின்னுது? ஒரு தகவலும் கிடையாது.

சரி, அந்தக் காலத்துப் பாட்டு, ஊர் பேர் தெரு பேரெல்லாம் போட மாட்டாங்க போலன்னு நினைச்சா, அதுவும் இல்லை. அதே அஞ்சுல ஒன்று, தோடியில் 'ராஜு வெடல'. ரங்கராஜா வீதி உலா புறப்படறதை அப்படியே வர்ணிக்கிற பாட்டு. அதுல காவிரிக் கரை இருக்கு, ரங்கபுரி இருக்கு, சித்திர வீதியே இருக்கு. தான் பாடறதைக்கூட அதுலயே சொல்லிக்கிறார். எங்க தெரு தியாகராஜர் பாட்டுல வருதுங்கிற பெருமையை நான் பெங்களூர்ல சொல்லாத ஆள் கிடையாது. ஆக அவருக்கு விவரம் போடத் தெரியும். ஊரைப் போட்டார், ஆத்தைப் போட்டார், தெருவைப் போட்டார். தன்னைத் தள்ளினதை மட்டும் போடலை.

அடுத்தது நாகலாபுரம். இதுதான் அக்மார்க் டூர் விபத்து. கோவூர் சுந்தரேச முதலியார் தியாகராஜருக்கே தெரியாம அவர் பல்லக்குல ஆயிரம் பொன் வெச்சு அனுப்பறார், ராமநவமி உற்சவச் செலவுக்குன்னு. நாகலாபுரம் காட்டுல திருடனுங்க மறிக்கிறாங்க. சிஷ்யர்கள் அலறிப் போய் விஷயத்தைச் சொல்ல, அவர் அசரலை. ராமனுக்குன்னு கொடுத்த காசு, அவனே பார்த்துப்பான்னுட்டு தர்பார்ல 'முந்து வெநுக' பாடறார். ரெண்டு வில்லாளிப் பசங்க பல்லக்குக் கூடவே வந்து திருடனுங்களை விரட்டினதாவும், விடிஞ்சதும் அந்தத் திருடனுங்களே வந்து 'அந்த ரெண்டு பேர் எங்கே'ன்னு கேட்டதாவும் கதை போகும்.

இதை எனக்கு முதல்ல சொன்னது எங்க பக்கத்து வீட்டுப் பாட்டு மாமி. அக்காவைப் பாட்டு கிளாஸுக்கு அனுப்பும்போது துணைக்குன்னு என்னையும் தள்ளி விடுவாங்க. நான் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒரு நாள் மாமி இந்தக் கதையைச் சொல்லி, பாட்டுக்கு அர்த்தமும் சொல்லிட்டு இருந்தாங்க. ராமா, நாலு பக்கமும் துணையா வான்னு கூப்பிடற அர்த்தம். எனக்குத் திருடன் கதைன்னா உயிர். உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

"மாமி, இதுல திருடன் எந்த வரியில வர்றான்?"

"வரமாட்டான்டா."

"ஏன்?"

"பாட்டுல வெச்சுட்டா அப்புறம் ஆயுசுக்கும் கூடவே வருவானே, அதான்."

அன்னைக்குச் சப்புன்னு போச்சு. திருடன் இல்லாத திருடன் பாட்டு!

காலேஜ் முடிச்சு, பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன பிறகு ஒரு நாள் கோட் ரிவ்யூவில் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. புதுசா சேர்ந்த ஒரு தம்பி ஒரு சின்ன ஃபங்ஷனுக்குள்ளேயே ஊர் பேர், தேதி, கஸ்டமர் பேர் எல்லாத்தையும் அப்படியே எழுதி வெச்சிருந்தான். ஹார்ட் கோடிங். அது அன்னைக்கு, அந்த ஒரு கஸ்டமருக்கு, கச்சிதமா வேலை செய்யும். வேற யாருக்கும் உதவாது. விவரத்தை வெளியே எடுத்துட்டு அந்த இடத்தைக் காலியா விட்டா, யார் வேணும்னாலும் அவங்கவங்க விவரத்தைப் போட்டு ஓட்டிக்கலாம்.

'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ஹார்ட் கோடிங். 'முந்து வெநுக' காலி இடம் விட்டு எழுதினது.

இது ஏதோ கீக் தமாஷ்னுதான் அன்னைக்கு நோட்டுல எழுதி வெச்சேன். அது தமாஷ் இல்லைன்னு தெரிஞ்சது 2023 ஜனவரியில்.

ராத்திரி ஒரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. நான் பெங்களூர்ல. ஸ்ரீரங்கம் ஒரு தீவுங்கிறது வரைபடத்துல பார்க்க அழகா இருக்கும், ஆஸ்பத்திரி ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதுதான் அதோட அர்த்தம் புரியும். அதுலயும் அப்போ காவிரிப் பாலத்துல பராமரிப்பு வேலை. 2022 நவம்பர்லேர்ந்து 2023 மார்ச் வரைக்கும் அது நடந்தது. அஞ்சு நிமிஷத்துல தாண்டுற ஆத்தை, திருவானைக்காவல் தாண்டி சென்னை பைபாஸ் ஏறி, சஞ்சீவி நகர் வழியா சுத்தித்தான் தாண்டணும். ஆம்புலன்ஸுக்குள்ள அப்பா, அம்மா, ஒரு உதவியாளர் தம்பி. ஃபோன்ல நான். அம்மா ஃபோனை மடியில் வெச்சுட்டு மறந்துட்டாங்க போல, கட் பண்ணலை. நானும் பண்ணலை. சைரன் சத்தத்துக்கு நடுவுல ஒரு முணுமுணுப்பு கேட்டுக்கிட்டே இருந்தது. முதல்ல அழறாங்கன்னு நினைச்சேன். அழலை. பாடறாங்க. 'முந்து வெநுக'.

எங்க அம்மா பாட்டு கத்துக்கிட்டதில்லை. தெலுங்கு சுத்தமா தெரியாது. தர்பாருக்கும் நாயகிக்கும் வித்தியாசம் கேட்டா முறைப்பாங்க. பக்கத்து வீட்டுச் சுவர் வழியா இருபது வருஷம் கேட்டதுல ஒட்டிக்கிட்டது, அவ்வளவுதான். அந்த ராத்திரி ஆம்புலன்ஸ்ல நாகலாபுரம் காடும் இல்லை, ஆயிரம் பொன்னும் இல்லை, திருடனும் இல்லை. ஒரு மனுஷனை நாலு பக்கமும் சூழ்ந்துக்கிட்டு வந்த பயம் மட்டும் இருந்தது. பாட்டுல அதுக்கு இடம் இருந்தது.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சு நாலாம் நாள் வீட்டுக்கு வந்துட்டார். இப்போ காலையில் வாக்கிங் போறார், சாயந்திரம் என்கிட்ட அரசியல் பேசிச் சண்டை போடறார். நல்லா இருக்கார்.

பாட்டாலதான் பிழைச்சார்னு சொல்ல வரலை. டாக்டர் பிழைக்க வெச்சார். ஆனா சஞ்சீவி நகர் சிக்னல் வரைக்கும் எங்க அம்மாவைப் பிழைக்க வெச்சது அந்தப் பாட்டுதான். நாகலாபுரம் கதை நிஜமா நடந்துச்சான்னு கேக்கறவங்க கேக்கட்டும், கேக்க வேண்டிய கேள்விதான். சிஷ்யர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசுவாமி பாகவதரும் எழுதி வெச்சது, அப்புறம் ஹரிகதைக்காரங்க ஊர் ஊராகச் சொல்லி வளர்த்ததுன்னு அதுக்கு ஒரு தனி ஆராய்ச்சியே இருக்கு. நான் சொல்றது வேற. திருடன் நிஜமோ பொய்யோ, அவனைப் பாட்டுக்கு வெளியே விட்ட முடிவு நிஜம். வேணும்னா காதால கேட்டுச் சரிபார்த்துக்கலாம்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வகையும் இருக்கு. திருப்பதியில் அவர் போன நேரம் சன்னிதியில் திரை போட்டாச்சு. அப்போ கௌளிபந்துவில் பாடினதா சொல்ற 'தெர தீயக ராதா'வில் திரை வருது. ஆனா துணித் திரை இல்லை. மனசுக்குள்ள தொங்கற பொறாமைத் திரை. விபத்துலேர்ந்து ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிட்டு, அதையும் உள்பக்கமாத் திருப்பிட்டார்.

உடனே 'பார்த்தியா, நம்ம ஆள் உசத்தி, வெள்ளைக்காரன் மட்டம்'னு யாரும் கிளம்பிடாதீங்க. ஹார்ட் கோடிங்குக்கும் ஒரு நியாயம் இருக்கு. க்ளோட் நோப்ஸ் 2013-ல் காலமானார். ஆனா இன்னைக்கும் உலகத்துல ஏதோ ஒரு ஊர்ல அந்தப் பாட்டு ஓடும்போதெல்லாம், எரியற கட்டடத்துக்குள்ள ஓடி ஆட்களை இழுத்துட்டு வந்த மனுஷன் ஒருத்தர் இருந்தார்னு ஒரு வரி சொல்லிட்டே இருக்கு. பேரைப் போட்டதால்தான் அது முடிஞ்சது. சிக்னல் துப்பாக்கியால் சுட்டவன் பேரைப் போடலை பாருங்க, அதுவும் ஒரு நாகரிகம்தான்.

நம்ம பக்கம்? கால் நகராம வெயில்ல நின்ன ஸ்ரீபாதம் தாங்கிகள் யாரு? கூட்டத்துக்கு நடுவுல திடீர்னு ஆடச் சொல்லி ஆடின அந்தப் பொண்ணுங்க யாரு? ஒரு பேர்கூட மிஞ்சலை. கதை வில்லனாக்கினது சுமக்கிறவங்களை. அத்தனை பாரத்தைத் தோளில் வெச்சுக்கிட்டு, பின்னாடியிலேர்ந்து கூட்டம் நெருக்கும்போது, வழியில நிக்கிற ஒருத்தரைத் தள்ளாம எப்படிப் போறதுன்னு அவங்க பக்கத்துக் கதை ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் பாடலை. தியாகராஜர் அவங்களைப் பாட்டுல வெச்சிருந்தா காலாகாலத்துக்கும் தள்ளினவங்களாவே நின்னிருப்பாங்க. வைக்காததால் பாட்டுல தப்பிச்சாங்க, கதையில மாட்டிக்கிட்டாங்க. மாமி சொன்ன "ஆயுசுக்கும் கூடவே வருவானே" எனக்கு இப்போ இந்த இடத்துலதான் அதிகமா உறைக்குது. கோபத்தை எழுதி வைக்கிறது ரொம்ப சுலபம், பேரோட தேதியோட எழுதிடலாம், நம்ம பதிவுலகத்துல பாதி அதுதானே ஓடிட்டு இருந்தது. எழுதினது எத்தனை நாள் நம்ம கூடவே வரும்னு மட்டும் ஒரு தடவை யோசிச்சுட்டு எழுதலாம்.

உங்க வீட்லயும் இப்படி ஒரு பாட்டு இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, ராத்திரி பஸ்ல, கரண்ட் போன மழைநாள்ல யாராவது முணுமுணுத்தது. சினிமாப் பாட்டானாலும் சரி. பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: ஸ்ரீரங்கம் அஞ்சையும் கேக்கணும்னா 'சூதாமு ராரே' (ஆரபி) கேட்ட கையோட 'வினராதா' (தேவகாந்தாரி) கேளுங்க. ரெண்டு ராகத்துக்கும் ஏறுவரிசை இறங்குவரிசை ஒண்ணுதான். ஒண்ணு வாங்க பார்க்கலாம்னு துள்ளிக்கிட்டு ஓடும். இன்னொன்னு ஓரமா நின்னு நிதானமாக் கேக்கும். மிச்சம் இருக்கிற 'கருண ஜூடவய்யா' சாரங்கா. அதைப் பத்தி எழுத எனக்குத் தகுதி போதாது, அக்காவை எழுதச் சொல்லியிருக்கேன். பார்ப்போம்.